தகரக்காலனிக்கு ரயில் வந்த விதம்

ஆடி மாதம் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் பழைய இரும்புக்கடையில் உட்கார்ந்து டீக்கடை மைமூன் விளையாட்டுப் படத்தில் சந்தைக்கும் எருக்குளத்துக்கும் நடுவில் மஞ்சள் அட்டை ஒன்றை வைத்தாள், திங்கட்கிழமை விடிந்தபோது சந்தைக்கும் எருக்குளத்துக்கும் நடுவில் தண்டவாளம் கிடந்தது. ஜல்லி கொட்டி, கட்டை அடுக்கி, போல்ட்டு முடுக்கி, அட்டையில் எந்த இடத்தில் வளைந்ததோ அதே இடத்தில் வளைந்து, காலங்காலமாக அங்கேயே கிடந்ததைப் போலப் புழுதி படிந்து கிடந்தது. முதலில் பார்த்தவன் ஆடு மேய்க்கிற சுடலைமணி. பார்த்தவன் ஆடுகளை ஒவ்வொன்றாக எண்ணித் தாண்டவிட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான். ஊருக்குள் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "தண்டவாளம்னா கெடக்கத்தானே செய்யும்" என்றான்.

எட்டு மணிக்கெல்லாம் வேம்படித் தெருப் பெண்கள் தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் மிளகாய் வத்தல் காயப் போட்டார்கள், இரும்புச் சூட்டில் சீக்கிரம் காயும் என்று. ஒன்பது மணிக்கு ஐஸ்காரர் தள்ளுவண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். பத்து மணிக்குக் கல்யாணத் தரகர் பிச்சையா எருக்குளத்து மாப்பிள்ளைகள் எல்லாருடைய பேருக்கும் எதிரே 'ரயில் பாதை ஓரம் வீடு' என்று எழுதி ஆளுக்கு இரண்டு பவுன் கூட்டிவைத்தார். மத்தியானம் ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து, டேப் பிடித்து அளந்து, இந்தத் தண்டவாளத்தைப் போடச் சொல்லி உத்தரவு கிடையாது, எடுக்கச் சொல்லியும் உத்தரவு கிடையாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு சேமியா ஐஸ் வாங்கித் தின்றுவிட்டுப் போனார். அவ்வளவுதான். பொழுது சாய்வதற்குள் எங்கள் ஊர் மொட்டப்பாறை தன் தண்டவாளத்துக்குப் பழகிவிட்டது. வெள்ளைக்காரன் காலத்தில் பாதை அளக்க வந்தவர்கள் ஊருக்கு நடுவில் நிற்கிற பாறையைப் பார்த்துவிட்டுப் பதினாலு கிலோமீட்டர் தள்ளிப் போட்டுக்கொண்டு போன நாளிலிருந்து ஊர் காத்துக்கொண்டிருந்தது. காத்திருந்தவர்கள் வந்ததை ஏன் வந்தது என்று கேட்பதில்லை, ஏன் இவ்வளவு நேரம் என்றுதான் கேட்பார்கள்.

நான்தான் அந்தப் பழைய இரும்புக்கடை சொர்ணத்தாய். பன்னிரண்டு வயதில் சாக்கு பொறுக்கினேன், இருபதில் தள்ளுவண்டி, முப்பதில் சொந்தத் தராசு, நாற்பதில் சுற்றுச்சுவர் வைத்த இடம். அதில் ஒரு செங்கல்கூட யாரும் சும்மா தந்ததில்லை, பேசித்தான் வாங்கினேன், பேசி என்றால் தொண்டை கிழியப் பேசி. எனக்குக் கோபம் வரும். வந்தால் கையில் இருப்பது பறக்கும். என்னிடம் விலை பேச வருகிறவர்கள் முதலில் பக்கத்தில் கிடக்கிற ஸ்பேனரைக் காலால் தூரத் தள்ளிவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் சிவகாசியிலிருந்து ஒரு லோடு கழிவுக் காகிதம் எடுத்தேன். அதற்குள் இருந்தது அந்தப் பெட்டி. வெளிநாட்டில் யாரோ அச்சடிக்கக் கொடுத்த விளையாட்டு. படத்தில் ஊர்ப் பேர்கள் விழாமல் போனதால் கழித்துவிட்டார்கள். தேன்கூடு மாதிரி ஆறுமூலைக் கட்டங்கள் போட்ட பெரிய படம், அந்தக் கட்டங்களில் வைக்கத் தண்டவாளம் வரைந்த அட்டைகள், ரயில் சீட்டுகள், பங்குப் பத்திரங்கள், நாற்பது பக்கத்துக்குச் சட்டப் புத்தகம். ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் ஜெபராஜ் சார் தன் கண்டக்டர் இங்கிலீஷை வைத்து அதை நாலு மாதம் படித்தார். பெட்டியில் காசு மட்டும் இல்லை. அவர் வீட்டுப் பரணிலிருந்து பழைய பஸ் டிக்கெட்டுக் கட்டுகளைக் கொண்டுவந்தார், அதுதான் எங்கள் காசு. ஊர்ப் பேர் இல்லாத கட்டங்களில் பேனாவால் எங்கள் பேர்களை எழுதிக்கொண்டோம்: சந்தை, எருக்குளம், வேம்படி, வத்தல் கிட்டங்கி, தகரக்காலனி. படத்தின் ஓரத்தில் சிவப்பாக ஒரு கட்டம் இருந்தது. அதில் 'வெளியூர்' என்று எழுதினோம்.

விளையாட்டு இதுதான். ரயில் கம்பெனிகள் உண்டு, அதில் பங்கு வாங்கலாம், விற்கலாம். எந்தக் கம்பெனியில் யாருக்குப் பங்கு அதிகமோ அவர்தான் அதற்குத் தலைவர். பாதை எங்கே போகும், ரயில் எப்போது வாங்குவது, எல்லாம் அவர் இஷ்டம். ரயில்களுக்கு ஆயுசு உண்டு: பெரிய ரயில் ஒன்று விலைபோன நிமிஷமே பழைய சின்ன ரயில்கள் துருப்பிடித்துக் கழிந்துபோகும். பகடை கிடையாது, அதிர்ஷ்டம் கிடையாது. கண்ணுக்கு முன்னால் இருப்பதை வைத்துக்கொண்டு எதிராளியின் வயிற்றுக்குள் இருப்பதை எண்ண வேண்டும். ஒரு ஆட்டம் முடிய எட்டு மணி நேரம் ஆகும், சில நாள் பத்து. நான், மைமூன், ஜெபராஜ் சார், கம்பவுண்டர் அந்தோணி, நாலு பேரும் பதினொரு வருஷமாக ஞாயிறுதோறும் ஆடி ஒருவரை ஒருவர் போண்டியாக்கிக்கொண்டிருந்தோம்.

தண்டவாளம் வந்த பிறகு ஆட்டத்தை முடிக்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை. முடிந்தால் அட்டைகளைக் கலைக்க வேண்டும், கலைத்தால் வெளியே கிடப்பது என்ன ஆகும்? அதனால் ஞாயிற்றுக்கு ஒரே ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டோம். மூன்றாவது வாரம் ஜெபராஜ் சார் பச்சைக் கம்பெனிக்கு ஒரு சின்ன ரயில் வாங்கினார். மறுநாள் காலை ஆள் இல்லாத ஒரு குட்டி இஞ்சின் இரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு சந்தையில் வந்து நின்றது. நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. ஜெபராஜ் சார் சட்டைப் பையிலிருந்து பழைய விசிலை எடுத்து ஊதி, "ரைட், போலாம்" என்றதும் கிளம்பியது. அன்றிலிருந்து வேம்படித் தெருப் பெண்கள் வத்தல் காயப் போடுவதற்கு முன்னால் டைம் கேட்டுக்கொண்டார்கள். வேறு மாற்றம் இல்லை.

ஆனால் ஒரு காரியத்தை ஊர் சீக்கிரமே தெரிந்துகொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தோணி யோசிக்காமல் ஒரு வளைவு அட்டையைப் போட்டார், அது பால்காரர் கோமதிநாயகத்தின் மாட்டுக்கொட்டகை மேல் விழுந்துவிட்டது. காலையில் கொட்டகை இல்லை. இடிந்து கிடக்கவில்லை, இல்லை. மாடு மட்டும் தண்டவாளத்துக்கு நடுவில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. கோமதிநாயகம் என் கடைக்கு வந்து ஒரு மணி நேரம் திட்டினார், நான் ஒன்றரை மணி நேரம் திட்டினேன், கடைசியில் தகரம் கொடுத்து வேறு கொட்டகை போட்டுக் கொடுத்தேன். அதற்கப்புறம் ஞாயிறு காலையில் என் கடை வாசலில் ஊரே நிற்கும். "எக்கா, எங்க தெருப் பக்கம் ஒரு வளைவு." "எக்கா, எங்க தெருப் பக்கம் வேண்டவே வேண்டாம்." அடுத்த அளவு ரயில் ஒன்று விலைபோய்ப் பச்சைக் கம்பெனியின் குட்டி இஞ்சின் துருவாகிச் சந்தையில் நின்றபோது, அதைக் கிலோ கணக்கில் எடுத்துக்கொண்டு வந்து அறுத்தவளும் நான்தான். அதிலும் யாருக்கும் ஆச்சரியமில்லை. துரு என்றால் என் கடைக்குத்தானே வரவேண்டும்.

ஐப்பசியில் அந்தோணி மகள் வீட்டோடு இருக்கக் கோயம்புத்தூர் போய்விட்டார். நாலாவது நாற்காலி காலியாயிற்று. அதில் வந்து உட்கார்ந்தவர் தவசிலிங்க அண்ணாச்சி.

வத்தல் கமிஷன் மண்டி அவருடையது, வியாழக்கிழமை மாட்டுச்சந்தைக் குத்தகையும் அவருடையது. சந்தையில் விலையை வாயால் பேசமாட்டார்கள். வாங்குகிறவரும் விற்கிறவரும் கையைக் கோத்து மேலே துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். எத்தனை விரலோ அத்தனை, சரக்கைப் பொறுத்து ஒரு விரலுக்கு ஒரு ரூபாயோ பத்தோ நூறோ. கையை விட்டால் பேரம் முடிந்தது, உள்ளே நடந்தது அந்த இரண்டு பேரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. எனக்குப் பன்னிரண்டு வயதில், நாள் முழுக்கப் பொறுக்கிய சாக்குகளைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் மண்டிக்குப் போனேன். துண்டுக்குள் என் கையை வாங்கி மூன்று விரலைப் பிடித்தார். சாக்குக்கு மூன்று ரூபாய். கையை விட்ட பிறகு இரண்டு ரூபாய்க் கணக்குப் போட்டுக் கொடுத்தார். "மூணு விரல்தானே பிடிச்சீங்க?" என்றேன். மண்டியில் இருந்தவர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எவன்ட்டி பாத்தான்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து என் கடையில் எந்த விலையும் ரோட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் சொல்லப்படும்.

அவரைச் சேர்க்கமாட்டேன் என்று நான் ஆடிய ஆட்டத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி உடைந்தது. ஆனால் ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. பாதை ஊருக்குப் பொது, காலி நாற்காலியில் யாரும் உட்காரலாம் என்றார்கள். அவர் பச்சை நிறத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒரே மாதத்தில் நாற்பது பக்கச் சட்டத்தையும் மனப்பாடமாகச் சொன்னார். எங்கள் பதினொரு வருஷத்தை நாலு ஞாயிற்றுக்கிழமையில் எட்டிப் பிடித்தார். மூளைக்காரர், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

வந்த முதல் வாரமே துண்டை எடுத்து மேஜைமேல் போட்டார். "ஆளுக்கு ஆள் நடக்கற யாவாரத்தை இப்படி வச்சுக்கிடுவோம். கையிருப்பையும் மூடியே வச்சுக்கிடுவோம். நம்ம வழக்கம்."

"எந்த வழக்கம்?" என்று நான் எழுந்தேன். "ஊரை ஏமாத்துற வழக்கமா?"

ஜெபராஜ் சார் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். "உக்காருங்க சொர்ணம். ஆளுக்கு ஆள் விக்கிற சொத்தை என்ன விலைக்கும் விக்கலாம்னுதான் இருக்கு. துண்டு போடக் கூடாதுன்னு இல்ல."

"வெளிநாட்டுக்காரனுக்குத் துண்டப் பத்தி என்ன சார் தெரியும்?" என்றாள் மைமூன்.

துண்டு எங்கள் ஆட்டத்தில் நிலைத்துவிட்டது. கார்த்திகை முடிவதற்குள் அண்ணாச்சி செங்கம்பெனிக்கும் தலைவர், பச்சைக் கம்பெனிக்கும் தலைவர். செங்கம்பெனியின் பாதை அவர் வத்தல் மூட்டை அடுக்குகிற கிட்டங்கி வாசலிலிருந்து கிளம்பி ஒவ்வொரு வாரமும் ஒரு கட்டம் நகர்ந்தது. நேராக, ஒரு வளைவுகூட இல்லாமல், தகரக்காலனியைப் பார்த்து வந்தது.

தகரக்காலனி நாற்பத்து மூன்று வீடு. புறம்போக்கு. அதில் ஒவ்வொரு தகரமும் என் கடையிலிருந்து போனது, ஒவ்வொன்றுக்கும் நான் சண்டை போட்டு விலை சொல்லி, சண்டை போட்டு அவர்கள் குறைத்து, கடைசியில் தவணை வைத்துக் கொடுத்தது. முனையில் மைமூனின் டீக்கடை, மூன்றாவது வரிசையில் ஜெபராஜ் சார் வீடு, கடைசி வீடு என்னுடையது. நடுவில் அடிபம்பு வைத்த பொட்டல். விளையாட்டுப் படத்தில் அந்தப் பொட்டல் ஒரு சின்ன வட்டம். அந்த வட்டத்தில் ஏதாவது ஒரு கம்பெனி தன் ஸ்டேஷன் வில்லையை வைத்துவிட்டால் வேறு கம்பெனியின் பாதை அந்தக் கட்டத்துக்குள் நுழைய முடியாது. வைக்க எங்கள் மூன்று பேர் கையிலும் ஒரு கம்பெனி இல்லை. வைக்காவிட்டால் செங்கம்பெனியின் நேர் அட்டை அதன்மேல் விழும். விழுந்தால் நாற்பத்து மூன்று வீடும் கோமதிநாயகத்தின் கொட்டகைதான்.

காலனிக்காரர்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்றால், அடுப்பு பற்றவைத்தார்கள், தண்ணி பிடித்தார்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் சட்டி பானைகளைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, சாயங்காலம் அட்டை விழவில்லை என்று தெரிந்ததும் உள்ளே எடுத்துவைத்தார்கள். வாரம் ஒரு தடவை வெளியே வைத்து எடுத்ததில் வீடெல்லாம் சுத்தமாக இருந்தது. சில பெண்கள் அதற்காக அண்ணாச்சியைப் பாராட்டக்கூடச் செய்தார்கள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"அண்ணாச்சி, ஒரு வளைவு போட்டா காலனி தப்பிச்சிரும்" என்றேன். நான் கெஞ்சிப் பேசியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

"வளைஞ்சா ரெண்டு கட்டம் கூடுதல் தாயி" என்றார். "புறம்போக்குக்காக நான் ஏன் சுத்திப் போகணும்?"

மார்கழி இரண்டாம் ஞாயிறு. காலனி முழுக்கச் சட்டி பானை வெளியே இருந்தது. காலை பத்து மணிக்கு அண்ணாச்சி முதல் காயை நகர்த்தினார். பச்சைக் கம்பெனியிடம் இருந்த ஒரே ரயிலை, இரண்டுக்கும் தலைவர் தானே என்பதால், ஒற்றை டிக்கெட்டுக்குத் தன் செங்கம்பெனிக்கு விற்றார். பச்சைக் கம்பெனியின் கல்லாவைப் பாறையைக் குடைகிற வேலைக்கு முழுசாகக் கொட்டினார். பிறகு சிரித்துக்கொண்டே தன் பச்சைப் பங்குகளில் இரண்டை விற்றார். அவரிடம் மிச்சம் இரண்டு. என்னிடம் மூன்று.

"பச்சைக்கு இனிமே நீதான் தலைவி" என்றார். "வாழ்த்துகள் தாயி."

வாசலில் நின்ற கூட்டத்துக்குப் புரியவில்லை, கை தட்டினார்கள். எங்கள் மூவருக்கும் புரிந்தது. பாதை இருக்கிற கம்பெனிக்கு ரயில் இருந்தே ஆக வேண்டும். கல்லாவில் காசு இல்லாவிட்டால் தலைவர் தன் மடியிலிருந்து போட்டு வாங்க வேண்டும். விற்பனைக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு வகை, எல்லாவற்றிலும் பெரிய ரயில். விலை நூற்றுப் பத்து டிக்கெட், கூடவே ஒரு ஸ்டேஷன் வில்லை இலவசம். வாங்க முடியாவிட்டால் நான் போண்டி, நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டும், அடுத்த முறை செங்கம்பெனியுடையது. நேர் அட்டை அவர் விரலுக்கு நடுவில் தயாராக இருந்தது.

என் மடியில் முப்பத்தெட்டு டிக்கெட் இருந்தது. அது அவருக்கும் தெரியும். மூடி வைத்தாலும் அவர் எண்ணிக்கொண்டேதான் இருந்தார், யாரிடம் எவ்வளவு என்று டிக்கெட் பிசகாமல். மைமூனிடம் நாற்பத்தொன்று, ஜெபராஜ் சாரிடம் முப்பத்து நாலு. பங்கையெல்லாம் விளையாட்டு பேங்குக்கு விற்றுக் காசாக்குகிற முறை எங்களுக்குத் தாண்டிவிட்டது. விற்பதற்கு என்னிடம் மிச்சம் இருந்தது ஆட்டத்தின் ஆரம்பத்தில் வாங்கிய இரண்டு பொடி சொத்து: ஒரு கழுதைப் பாதை, ஒரு கல் குவாரி. ஒவ்வொன்றும் இரண்டு டிக்கெட் பெறும்.

"அண்ணாச்சி, அந்தத் துண்டைக் குடுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"கழுதைப் பாதையை விக்கப் போறேன்."

அவர் வாய்விட்டுச் சிரித்துத் துண்டைத் தூக்கிப் போட்டார். "வில்லு வில்லு. ரெண்டுக்கு மேல ஒருத்தனும் கேக்கமாட்டான்."

துண்டுக்குள் மைமூன் என் கையைத் தேடினாள். டீ கிளாஸ் கழுவிய ஈரம் இன்னும் அந்தக் கையில் இருந்தது. நான் விரலை நீட்டினேன், ஒன்றா, இரண்டா, எதைப் பிடிப்பாள் என்று. அவள் ஐந்து விரலையும் சேர்த்து அப்படியே பொத்திப் பிடித்தாள். சந்தையில் அப்படி ஒரு பிடி கிடையாது. அப்படி ஒரு விலையும் கிடையாது. ஆனால் எனக்குப் புரிந்தது: எல்லாம். நாற்பத்தொரு டிக்கெட்டும் கனமாக என் மடியில் இறங்கியது. கழுதைப் பாதைச் சீட்டை அவள் ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, "நல்ல பாதைக்கா, ரொம்ப நாளா கண்ணு வச்சிருந்தேன்" என்றாள்.

அடுத்தது கல் குவாரி, ஜெபராஜ் சாருக்கு. முப்பது வருஷம் சில்லறை எண்ணிய கை, ஒரு நயா பைசாவைக்கூட விட்டுக்கொடுக்காத கை, துண்டுக்குள் வந்து என் ஐந்து விரலையும் பிடித்தது.

அண்ணாச்சி பல்லுக் குத்திக்கொண்டிருந்தார். இரண்டு டிக்கெட் பெறுகிற கழுதைப் பாதைக்குக் கையிருப்பு மொத்தத்தையும் கொடுத்துவிட்டுத் தானும் தோற்றுப்போகிற ஒருத்தியை அவர் தன் மண்டியில் கண்டதில்லை, சந்தையில் கண்டதில்லை, அதனால் அவர் கணக்கில் அதற்கு இடமே இல்லை. எல்லாவற்றையும் எண்ணினார், எங்களை எண்ணவில்லை. வெளிப்படையாக ஆடியிருந்தால் மைமூன் நாற்பத்தொன்றை நீட்டியபோதே கண்டுபிடித்து ஏதாவது செய்திருப்பார். பார்க்க முடியாமல் மறைத்தது அவருடைய சொந்தத் துண்டு.

நான் எழுந்து நின்றேன். எழுந்ததும் எல்லாரும் பழக்கத்தில் ஸ்பேனரைத் தேடினார்கள். மடியை அவிழ்த்து டிக்கெட்டுகளை மேஜைமேல் கொட்டி, ரோட்டுக்குக் கேட்கிற மாதிரி எண்ணினேன். நூற்றுப் பதிமூன்று. மூன்றை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, "பச்சைக் கம்பெனிக்குப் பெரிய ரயில் ஒண்ணு!" என்று கத்தினேன்.

பல்லுக்குத்தி அவர் வாயிலேயே நின்றது.

"சட்டம் பதினேழாம் பக்கம்" என்று ஜெபராஜ் சார் எழுந்து நின்று வாசித்தார், பஸ்ஸில் ஸ்டாப்பிங் சொல்கிற அதே குரலில். "பெரிய ரயில் விலைபோனா, அதுக்குக் கீழ உள்ள ரயில் எல்லாம் துரு. செங்கம்பெனி, ரெண்டு ரயிலும் எறங்கிக்கோ. பச்சைக் கம்பெனிக்குப் பெரிய ரயிலோட சேத்து ஸ்டேஷன் வில்லை ஒண்ணு இலவசம்."

பச்சை வில்லையை எடுத்துத் தகரக்காலனி வட்டத்தில் வைத்தேன். வைத்தேன் என்று எழுதுகிறேன், அறைந்தேன் என்பதுதான் சரி. மேஜைக்கால் ஒன்று முறிந்துவிட்டது.

அண்ணாச்சி முகம் வத்தல் நிறத்துக்கு வந்தது. "இது ஆட்டமே இல்ல. கலைங்கய்யா!" என்று இரண்டு கையையும் படத்தின்மேல் கொண்டுபோனார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். நாற்பது வருஷம் இரும்பு தூக்கிய கை. அவரால் அசைக்க முடியவில்லை. அந்த நேரத்துக்குள் மைமூன் கடைக்கு ஓடிப்போய் ஒரு சட்டி மைதாப் பசை காய்ச்சிக்கொண்டு வந்துவிட்டாள். சூடு ஆறுவதற்கு முன்னால் ஒவ்வொரு அட்டையாகத் தூக்கி, அடியில் பசை தடவி, அதே இடத்தில் அழுத்தி ஒட்டினோம். வாசலில் நின்றவர்களும் வந்து ஒட்டினார்கள். கோமதிநாயகம் தன் கொட்டகை மேல் விழுந்த வளைவு அட்டையை, "போனது போகட்டும்" என்று தானே அழுத்தினார். பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக எங்கள் ஆட்டம் கலைக்காமல் முடிந்தது.

திங்கட்கிழமை காலை அடிபம்புக்குப் பக்கத்தில் ஸ்டேஷன் இருந்தது. சிமெண்டுத் தளம், இரும்புத் தூண், மஞ்சள் பலகையில் கருப்பு எழுத்தில் 'தகரக்காலனி'. நாற்பத்து மூன்று வீடும் அப்படியே இருந்தது, பாதி வீட்டுக்கு வாசல் மட்டும் பிளாட்பாரத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது. மைமூனின் டீக்கடை ஒரு அடிகூட நகராமல் பிளாட்பாரத்துக்கு நடுவில் வந்திருந்தது. அவள் டீக்கு ஒரு ரூபாய் மட்டும் கூட்டினாள்.

பத்தே முக்காலுக்குப் பெரிய ரயில் வந்தது. பாறையைக் குடைந்த துவாரத்தின் வழியாக, அண்ணாச்சி கொட்டிய காசில் குடைந்த துவாரம், பதினாறு பெட்டியோடு, கூவிக்கொண்டே வந்து பிளாட்பாரத்தை ஒட்டி நின்றது. முன்னால் தொங்கிய பலகையில் 'வெளியூர்' என்று எங்கள் பேனா எழுத்திலேயே எழுதியிருந்தது. காலனி மொத்தமும் ஏறியது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவர்கள், எங்கேயும் போக வேண்டியில்லாதவர்கள், முந்தின நாள் வெளியே எடுத்துவைத்த சட்டி பானையோடு அப்படியே ஏறியவர்கள். ஜெபராஜ் சார் விசில் ஊதினார். ரயில் அசையவில்லை. மறுபடி ஊதினார், கன்னம் வெடிக்க ஊதினார். அசையவில்லை.

"இது பெரிய வண்டி சொர்ணம்" என்றார் மூச்சு வாங்க. "விசிலுக்கெல்லாம் போகாது. பச்சைக் கொடி காட்டணும்."

கொடிக்கு எங்கே போவது? அப்போதுதான் பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில் தவசிலிங்க அண்ணாச்சி வந்தார். அவருடைய இரண்டு இஞ்சினும் கிட்டங்கி வாசலை அடைத்துக்கொண்டு துருவாக நின்றன. எழுபது லாரி வத்தல் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. சுற்றுவட்டாரத்தில் இஞ்சின் அறுக்கிற பழைய இரும்புக்கடை ஒன்றே ஒன்றுதான்.

என் முன்னால் வந்து நின்று, தோளிலிருந்து துண்டை எடுத்தார். நான் கையை நீட்டினேன். துண்டு விழுந்தது. உள்ளே அவர் என் விரலைத் தேடிப் பிடித்தார். மூன்று விரல். கிலோவுக்கு முப்பது ரூபாய்.

அதே மூன்று விரல். கை மட்டும் அவருக்குச் சுருங்கியிருந்தது, எனக்குக் காய்த்திருந்தது. பதினாறு பெட்டியின் ஜன்னலிலும் தலைகள் இருந்தன. நான் கையை விடவில்லை. இன்னொரு கையால் துண்டின் முனையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன்.

வெட்ட வெளிச்சத்தில், அவர் கைக்குள் என் மூன்று விரல்.

"எல்லாரும் பாத்துக்கிடுங்க!" என்று கத்தினேன். "அண்ணாச்சி கேக்குறது மூணு விரல்! கிலோ முப்பது! சொர்ணத்தாய் குடுக்கறது எவ்வளவு?"

அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். அவர் எதிர்பார்த்தது எனக்குத் தெரியும். அவராக இருந்தால் அதைத்தான் செய்திருப்பார்.

"முப்பது!" என்றேன். "பேசினது பேசினதுதான்!"

"முப்பது!" என்றது முதல் பெட்டி. "முப்பது!" என்றது இரண்டாவது பெட்டி. பதினாறாவது பெட்டி வரைக்கும் அந்த விலை ஓடிப்போய்ப் பாறையில் மோதித் திரும்பி வந்தது. அண்ணாச்சி கண்ணைத் திறந்து, கையை விட்டு, "என் துண்டு" என்றார் மெதுவாக.

துண்டு என் கையில் இல்லை. இழுத்த வேகத்தில் அது பறந்து ஜெபராஜ் சார் கைக்குப் போயிருந்தது. அவர் அதை ஒரு தடவை உதறினார். பச்சைத் துண்டு, ஓரத்தில் மஞ்சள் கரை, நாற்பது வருஷமாக எதையெதையோ மூடி வைத்த துண்டு, காற்றில் முழுசாக விரிந்தது. தலைக்கு மேல் தூக்கி அவர் அதை வீசினார், ரயிலைப் பார்த்து, பாறையைப் பார்த்து, நாற்பத்து மூன்று வீட்டையும் பார்த்து.

"ரைட்! போலாம்!"

ரயில் கிளம்பியது.